கொத்தவரை விதையும் எண்ணெய்க் கிணறும்: விதைக்கும் முன் ஒரு கணக்கு

கொத்தவரை என்றால் நம் வீடுகளில் பொரியல், பருப்பு உசிலி, வெயிலில் காயவைத்த வற்றல். ராஜஸ்தானில் மானாவாரி விவசாயிக்கு அது வேறு சரக்கு. அங்கே காயைப் பறிப்பதில்லை. செடியிலேயே முற்றவிட்டு, காயவைத்து, அடித்து, விதையை மூட்டை கட்டி மண்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் பிசின் கப்பலேறி, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கிணறு தோண்டும் இடங்களுக்குப் போய்ச் சேருகிறது.

உலகில் விளையும் கொத்தவரை விதையில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தியாவில் விளைகிறது. அதில் பெரும்பகுதி ராஜஸ்தானுடையது. ஹரியானா, குஜராத், பஞ்சாப் அடுத்து வருகின்றன.

"விதை நாங்களே தருகிறோம், விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், பெட்ரோல் கிணற்றுக்குப் போகிற சரக்கு, விலை எகிறும்" என்று யாராவது ஊருக்குள் வந்து சொன்னால் என்ன செய்வது? பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால்தான் நிலத்தை உழலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

கிணறு தோண்டப் பிசின் எதற்கு?

நம் ஊர்ப் பாறைப் பூமியில் போர் போடும் லாரி, கம்ப்ரசர் காற்றால் பாறைத் தூளை ஊதி வெளியே தள்ளிவிடும். டெல்டாவிலும் கடலோரத்திலும் மணலும் களியுமாக இருக்கும் இடத்தில் காற்று மட்டும் போதாது, துளையின் சுவர் சரிந்துவிடும். அங்கே ரோட்டரி முறையில் சேற்று நீரைச் சுற்றவிட்டுத் துளை போடுகிறார்கள். சில கிலோமீட்டர் ஆழம் போகும் எண்ணெய்க் கிணற்றிலும் இதே முறைதான், அளவுதான் பெரியது.

பம்பு தள்ளும் சேற்று நீர் குழாயின் உள்வழியே கீழே போய், துளையிடும் பிட்டின் ஓட்டைகள் வழியாக வெளிவந்து, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் மேலே ஏறும். வரும்போது பாறைத் தூளைச் சுமந்து வரும். மேலே சல்லடையில் தூளைப் பிரித்துவிட்டு, அதே நீரைத் திரும்ப உள்ளே விடுவார்கள்.

இந்த நீருக்கு நான்கு வேலைகள். தூளை மேலே கொண்டுவர வேண்டும். பிட் சூடேறாமல் பார்க்க வேண்டும். சுவர் சரியாமல் தாங்க வேண்டும். அடியில் இருக்கும் வாயுவும் எண்ணெயும் பீறிட்டு வராமல் தன் எடையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

வெறும் தண்ணீரால் இவ்வளவும் ஆகாது. குழாய் ஒன்றைச் சேர்ப்பதற்காகப் பம்பை நிறுத்தினால் போதும், பாதி வழியில் இருக்கும் தூளெல்லாம் கீழே இறங்கி பிட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பென்டோனைட் என்ற களிமண்ணைக் கலக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு. களி கூடினால் துளையிடும் வேகம் குறையும். எண்ணெய் ஊறி வரவேண்டிய பாறையின் நுண்துளைகளைக் களி அடைத்துவிடும். உப்பு நீரில் பென்டோனைட் சரியாக ஊறாது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் செடியிலிருந்தும் நுண்ணுயிரியிலிருந்தும் கிடைக்கும் பிசின்கள். இவை நீளமான சங்கிலி போன்ற சர்க்கரைப் பொருட்கள். தண்ணீரில் போட்டதும் சங்கிலிகள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொத்தவரைப் பிசின் தூளைக் கட்டியில்லாமல் கலக்கினால் அது கெட்டிக் கஞ்சி பதத்துக்கு வந்துவிடும். அடுப்பும் தேவையில்லை.

புளித்த இட்லி மாவைக் கரண்டியால் கலக்கும்போது இளகும், கையை எடுத்தால் திரும்பக் கெட்டிப்படும். நல்ல துளையிடும் நீருக்கும் அந்தக் குணம் வேண்டும். பிட்டின் ஓட்டை வழியே பாயும்போது இளக வேண்டும், பம்பு நின்றதும் இறுகித் தூளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எந்தப் பிசின், எந்த வேலைக்கு?

*கொத்தவரைப் பிசின்:* விதையின் நடுவில் இருக்கும் வெண்ணிறப் பருப்பிலிருந்து கிடைப்பது. விதையின் எடையில் இந்தப் பருப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதி தோலும் முளையும் மாட்டுத் தீவனமாகிறது. குளிர்ந்த நீரிலேயே கெட்டிப்படும், விலையும் குறைவு. ஆனால் சூடு தாங்காது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்க இறங்க 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. ஒன்றரை கிலோமீட்டருக்குக் கீழே 70 டிகிரியைத் தாண்டும்போது இதன் சங்கிலிகள் அறுபடத் தொடங்கும். அதனால் கிணற்றின் மேல்பகுதிக்கும் தண்ணீர்க் கிணறுகளுக்கும்தான் துளையிடும் நீரில் இது பொருந்தும்.

*சாந்தன் கம்:* இது வயலில் விளைவதில்லை. முட்டைக்கோசில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்துத் தொட்டியில் வளர்த்தால், அது தன்னைச் சுற்றி ஒரு கொழகொழப்பான பொருளைச் சுரக்கும். அதுதான் சாந்தன். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலும் எலுமிச்சையில் சொறி நோயும் கொண்டுவருவது இதே குடும்பத்துப் பாக்டீரியாதான். 1950-களில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில் அலீன் ஜீன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைக் கண்டுபிடித்தது. சுமார் 120 டிகிரி வரை சூடு தாங்கும், உப்பு நீரிலும் வேலை செய்யும். ஆயிரம் லிட்டருக்குச் சில கிலோ போதும். ஆழ்கிணறுகளில் தூளைத் தாங்கும் வேலையை இன்று பெரும்பாலும் இதுதான் செய்கிறது.

*ஸ்டார்ச்:* கஞ்சி போட்ட வேட்டியில் நூலிடுக்குகளைக் கஞ்சி அடைத்துக்கொள்வதுபோல, வேகவைத்து உலர்த்திப் பொடித்த ஸ்டார்ச் துளைச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டி, நீர் பாறைக்குள் இறங்கிப் போகாமல் தடுக்கும். 1930-களில் இருந்தே இந்தப் பயன் உண்டு. மக்காச்சோள ஸ்டார்ச்சும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும் அதிகம் பயன்படுகின்றன. மரவள்ளி ஸ்டார்ச்சும் இதே வேலையைச் செய்யக்கூடியது.

*செல்லுலோஸ் வகை:* மரக்கூழிலிருந்தும், பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சிலிருந்தும் ரசாயன முறையில் தயாரிப்பது. நீர்க் கசிவைத் தடுக்கவும் நீரைக் கெட்டியாக்கவும் உதவுகிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. கஞ்சி புளிப்பதுபோல இவையும் புளிக்கும். கொத்தவரைப் பிசினும் ஸ்டார்ச்சும் சீக்கிரம் கெடும், சாந்தன் சற்றுத் தாங்கும். கெடாமல் வைத்திருக்க நுண்ணுயிர்க் கொல்லி மருந்து சேர்ப்பார்கள்.

விலை ஏறிய கதை, இறங்கிய கதை

சூடு தாங்காத கொத்தவரைப் பிசினுக்கு எண்ணெய்க் கம்பெனிகளிடம் அவ்வளவு கிராக்கி எப்படி வந்தது? துளை போட்டு முடித்த பிறகு வரும் வேலையால். அமெரிக்காவில் இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்டிருக்கும் எண்ணெயையும் வாயுவையும் எடுக்க, கிணற்றுக்குள் மிக அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். விரிசல் திரும்ப மூடாமல் இருக்க மணலை உள்ளே கொண்டுபோய்ச் செருக வேண்டும். வெறும் நீரில் மணல் தங்காது. கொத்தவரைப் பிசினைக் கரைத்து, அதோடு போரேட் உப்பைச் சேர்த்தால் நீர் ஜெல்லிபோல இறுகி மணலைச் சுமந்து செல்லும். வேலை முடிந்ததும் ஜெல்லி உடைந்து நீராக வெளியே வந்துவிட வேண்டும். அதற்கான நொதியையோ ரசாயனத்தையோ முன்பே கலந்துவிடுவார்கள். சில மணி நேரம் இறுகியிருந்து பிறகு உடையும் குணம்தான் இந்தப் பிசினின் பலம்.

2010-க்குப் பிறகு அமெரிக்காவில் இந்த முறைக் கிணறுகள் பெருகின. 2010 வாக்கில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி விற்ற ஒரு குவிண்டால் விதை, 2012 மார்ச்சில் ஏறத்தாழ 30,000 ரூபாய் வரை போனது. பிசின் ஒரு குவிண்டால் ஒரு லட்சத்தை எட்டியது. ஊக வணிகம் எல்லை மீறியதால் அந்த மாதமே மத்திய அரசின் முன்பேரச் சந்தை ஆணையம் கொத்தவரை வர்த்தகத்தை நிறுத்திவைத்தது. 2013 மே மாதம்தான் மறுபடி அனுமதித்தது.

ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்தால் கதை தெளிவாகும்.

2011-12: சுமார் 7 லட்சம் டன், 16,500 கோடி ரூபாய்.
2012-13: சுமார் 4 லட்சம் டன், 21,000 கோடி ரூபாய்.
2015-16: சுமார் 3.25 லட்சம் டன், 3,200 கோடி ரூபாய்.

மூன்றே வருடத்தில் மதிப்பு ஆறில் ஒரு பங்குக்குக் கீழே போய்விட்டது. காரணங்கள் மூன்று.

முதலாவது, விலையைப் பார்த்து எல்லோரும் விதைத்தார்கள். ராஜஸ்தானில் பரப்பு கூடியது. பிசினுக்காகக் கொத்தவரை பயிரிட்டுப் பழக்கமில்லாத தென் மாநிலங்களுக்கும் விதை பரவியது. அமெரிக்காவின் டெக்சாசிலும் விதைத்தார்கள்.

இரண்டாவது, வாங்குபவர்கள் மாற்று வழி தேடிக்கொண்டார்கள். பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைப் பொருளைச் சிறிதளவு கலந்த நீரையே மிக வேகமாகச் செலுத்தி மணலைத் தள்ளும் முறை பரவியது. அதில் கொத்தவரைக்கு இடமில்லை.

மூன்றாவது, எண்ணெய் விலை சரிந்தது. 2014-ன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது, 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே வந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. கிணறு தோண்டுவது குறைந்தது, பிசின் தேவையும் குறைந்தது.

இந்த மூன்றில் ஒன்றுகூட நம் வயலில் நடந்ததல்ல. நல்ல மழை பெய்து, நன்றாக விளைந்து, பூச்சி நோய் இல்லாமல் அறுவடை செய்தவருக்கும் அதே சரிவுதான். ஏக்கருக்கு 4 குவிண்டால் எடுத்தவர் 30,000 ரூபாய் விலையில் 1,20,000 ரூபாய் பார்த்திருப்பார். அதே 4 குவிண்டாலுக்கு 4,000 ரூபாய் விலையில் 16,000 ரூபாய்தான். கொத்தவரை விதைக்குக் குறைந்தபட்ச ஆதார விலையும் கிடையாது. விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

நம் நிலத்தில் விதைப்பதானால்

கொத்தவரை நல்ல பயிர்தான். வறட்சி தாங்கும், வேர்முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், 90 முதல் 110 நாளில் முடிந்துவிடும். விதைக்காகப் பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை இவை.

*ரகம்:* காய்க்காகப் போடும் பூசா நவ்பகார் போன்றவை பிசினுக்கானவை அல்ல. ஆர்.ஜி.சி. 936, ஆர்.ஜி.சி. 1003, எச்.ஜி. 365, எச்.ஜி. 563 போன்றவைதான் விதைக்கும் பிசினுக்கும் என்று தேர்ந்தெடுத்தவை. பையில் ரகப் பெயரும் சான்று அட்டையும் இல்லாத விதையை வாங்க வேண்டாம்.

*பட்டம்:* காய் முற்றும்போது மழை பிடித்தால் விதை கறுத்துவிடும். கறுத்த விதைக்கு விலை இல்லை. ராஜஸ்தானில் ஜூலையில் விதைத்து, மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் அறுக்கிறார்கள். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. ஆடியில் விதைத்தால் அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். பாசனம் உள்ளவர்கள் தைப்பட்டத்தில் விதைத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் அறுப்பது பாதுகாப்பு.

*விதைப்பு:* ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. வரிசைக்கு வரிசை ஒன்று முதல் ஒன்றரை அடி. ரைசோபியம் கலந்து விதைக்கவும். தண்ணீர் தேங்கும் களிமண் ஆகாது.

*மகசூல்:* மானாவாரியில் ஏக்கருக்கு 2 முதல் 3 குவிண்டால், பாசனத்தில் நன்றாகப் பராமரித்தால் 4 முதல் 6 குவிண்டால். ஏக்கருக்குப் பத்து, பதினைந்து குவிண்டால் என்று யாராவது சொன்னால் அந்த ஒரு பேச்சிலேயே ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

*நோய்:* சாந்தோமோனாஸ் இங்கும் விடுவதில்லை. கொத்தவரையில் பாக்டீரியா கருகலைக் கொண்டுவருவதும் அதன் இனம்தான். விதை வழியே பரவும். நோயுற்ற வயலின் விதையை அடுத்த பட்டத்துக்கு எடுக்கக் கூடாது.

*ஒப்பந்தம்:* விலை, தரம், எடை போடும் இடம், பணம் தரும் நாள் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். "அன்றைய சந்தை விலை" என்று மட்டும் இருந்தால், எந்த மண்டியின் விலை என்றும் எழுதச் சொல்லுங்கள். விதைக்கு முன்பணம் அதிகம் கேட்பவர் விதை வியாபாரி, விளைச்சலை வாங்க வந்தவர் அல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

*பரப்பு:* முதல் முறை அரை ஏக்கருக்கு மேல் வேண்டாம். வாங்க ஆள் வராவிட்டாலும் விதையையும் செடியையும் மாட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் அளவே போதும். பச்சைக்காய் விற்கச் சந்தை பக்கத்தில் இருந்தால், காய் ரகம் போட்டு வாரம் இருமுறை பறித்து விற்பது சிறு விவசாயிக்கு நிச்சயமான வருமானம்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மரவள்ளி ஸ்டார்ச்சும் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் என்றால் கிழங்குக்கு நல்ல விலை கிடைக்குமா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: உடனே எதிர்பார்க்க வேண்டாம். கிணற்றுக்குப் போவது சாதாரண ஸ்டார்ச் மாவு அல்ல, வேகவைத்து உலர்த்திப் பதப்படுத்தியது. அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். மரவள்ளிக்கு ஜவ்வரிசி, துணிக்கஞ்சி, காகிதம், பசை என்று பல வாசல்கள் இருக்கின்றன. ஒரே வாசலை நம்பிய கொத்தவரைக்கு நேர்ந்தது மரவள்ளிக்கு நேராமல் காப்பது இந்தப் பல வாசல்கள்தான். கிழங்கு கொடுக்கும்போது ஸ்டார்ச் பாயிண்டை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். 1981-ல் தொடங்கிய சேலம் சேகோசர்வ் கூட்டுறவில் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் என்ன விலைக்குப் போகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டு ஆலைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மணற்பாங்கான இடத்தில் போர் போடும்போது சாணியும் களிமண்ணும் கரைத்து விடுகிறார்கள். இதனால் தண்ணீர் குறையுமா? (நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்)

பதில்: குறைய வாய்ப்புண்டு. களி, நீர் ஊறும் மணல் அடுக்கின்மேல் அப்பிக்கொள்ளும். பைப் இறக்கி ஜல்லி போட்ட பிறகு, கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும்வரை கம்ப்ரசரால் கழுவச் சொல்லுங்கள். அதற்குமுன் ரிக்கை அனுப்ப வேண்டாம். சாணி நோய்க்கிருமியை உள்ளே கொண்டுபோகும். அது குடிநீர்க் கிணற்றுக்கு ஆகாது. கொத்தவரைப் பிசின் கொண்டு துளையிட்டால் சில நாளில் அது தானாக இளகி வெளியேறும். ஆனால் கழுவாமல் விட்டால் அதுவே பாக்டீரியாவுக்கு உணவாகும்.

எதைப் பயன்படுத்தியிருந்தாலும் கடைசியில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். ஆறரை அங்குல போரில் 100 அடிக்கு நீர் நின்றால் அது சுமார் 650 லிட்டர். அதற்கு 100 முதல் 125 கிராம் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளிய வைத்து, மேல்தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு, வாசனை போகும்வரை நீரை இறைத்து வெளியேற்றுங்கள். குடிக்கும் முன் நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: துளையிடும் சேற்றில் இயற்கைப் பிசின்தானே இருக்கிறது, அது வயலில் வழிந்தால் உரம்தானே என்கிறார்கள். சரியா? (திருவாரூர் மாவட்ட வாசகி)

பதில்: சரியல்ல. பிசின் மட்டும் என்றால் மண்ணில் மக்கிவிடும். எண்ணெய்க் கிணற்றுச் சேற்றில் எடைக்காகச் சேர்க்கும் பேரைட், களி ஊறாமலிருக்கப் போடும் உப்பு, நுண்ணுயிர்க் கொல்லி மருந்து, பாறையிலிருந்து வந்த எண்ணெய்க் கசிவு எல்லாம் கலந்திருக்கும். உப்பு ஏறினால் நெல் நாற்று கருகும். களி படிந்தால் நிலம் இறுகி நீர் இறங்காது. தார்ப்பாய் விரித்த குழியில் அதைச் சேர்த்து முறைப்படி அகற்றுவது துளையிடுபவர் பொறுப்பு. வழிந்துவிட்டால் அன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அலுவலகத்திலும் எழுத்து மூலம் கொடுங்கள். வழிந்த இடத்திலும் வழியாத இடத்திலும் தனித்தனியாக மண் மாதிரி எடுத்து, உப்பின் அளவைப் பரிசோதித்து வாங்குங்கள். இழப்பீடு கேட்க அந்த இரண்டு தாள்களும் வேண்டும்.

கேள்வி: பிசின் எடுத்த பின் மிஞ்சும் கொத்தவரைத் தீவனத்தை மாட்டுக்குக் கொடுக்கலாமா? (தர்மபுரி வாசகர்)

பதில்: கொடுக்கலாம். முளைப் பகுதியிலிருந்து வரும் கோர்மாவில் புரதம் 50 சதவீத அளவில் இருக்கும், தோல் கலந்த சூரியில் அதைவிடக் குறைவு. வறுத்ததை வாங்குங்கள். பச்சையாக இருந்தால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் உண்டு. சிறிது சிறிதாகப் பழக்கி, கலப்புத் தீவனத்தில் ஒரு பங்காக மட்டும் சேர்க்கவும். கோழிக்கு எச்சரிக்கை தேவை. மிஞ்சிய பிசின் எச்சத்தைப் பிசுபிசுப்பாக்கிக் கூளத்தை ஈரமாக்கிவிடும்.